மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஆறு முட்டை

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு முப்பத்தோரு வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சத்தான சமையல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் உண்மையை இப்போதாவது சொல்லிவிட வேண்டும். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு முட்டையை அவிக்கத் தெரியாது. தெரியாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை. பத்து விதமாகச் சமைக்கத் தெரியும் என்று வேறு சொல்லியிருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தொரு வயது. கிராம சேவிகா பயிற்சி முடித்த கையோடு திருச்சுழிப் பக்கம் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இந்தப் பதவியின் பெயர் வாயில் நுழையவில்லை. சேவிகாம்மா என்றார்கள். (ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை 'சேமியாம்மா' என்றே கூப்பிட்டார். சமையல் சம்பந்தப்பட்டதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.)

அந்தச் சமயத்தில் ஊர் ஊராகச் சீமைக்கோழி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக இருக்கும். நாட்டுக்கோழி மாதிரி ஓடியாடாது. உட்கார்ந்த இடத்தில் முட்டையிடும். அந்த முட்டையை விற்றுவிடாமல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொல்வது என் வேலை. மாதக் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி அம்மா ஒரு கேள்வி கேட்டார். அவரை நாங்கள் ஆபீசரம்மா என்போம். என் வேலையை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று எழுத வேண்டியவரும் அவர்தான்.

"முட்டைய அவிச்சே குடுத்தா பிள்ளைக ரெண்டு நாள் திங்கும். மூணாம் நாள் மூஞ்சியத் திருப்பிக்கிரும். வீட்டுல இருக்கிற சாமானை வச்சு எத்தனை விதமாச் செய்யலாம்? யாருக்குத் தெரியும்?"

என்னைவிட மூத்த சேவிகாக்கள் நாலு பேர் இருந்தார்கள். கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் தெரிந்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"பத்து விதம் செய்யலாம் மேடம்."

"பத்தா?" ஆபீசரம்மா பேனாவைத் திறந்தார். "ரொம்ப நல்லது. அடுத்த வாரம் புதன்கிழமை நீயே செஞ்சு காட்டு. நானும் வாரேன்."

நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சேவிகா என் கையைத் தட்டி, "பத்தையும் எனக்கு எழுதிக் குடுங்க ஞானம்" என்றார். சரி என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் வீட்டு முட்டைக் கதையைச் சொன்னால் என் நிலைமை புரியும். அப்பா விருதுநகரில் பள்ளிக்கூட வாத்தியார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். முட்டை என்பது கிறிஸ்துமஸுக்கு வருவது. அம்மா முட்டையை அவித்து, தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்து அறுத்துப் பாதிப் பாதியாகக் கொடுப்பாள். கத்தி வைத்தால் கத்தியில் கொஞ்சம் ஒட்டி வீணாகிவிடுமாம். எந்தப் பாதியில் மஞ்சள் கரு அதிகம் என்று தம்பியோடு சண்டை போட்டது மட்டும்தான் முட்டை விஷயத்தில் என் அனுபவம். பயிற்சிப் பள்ளியில் முட்டைப் பாடம் நடந்த அன்று எனக்குக் காய்ச்சல்.

ஆகவே வீட்டிலேயே செய்து பழகிவிடுவது என்று முடிவுசெய்தேன். எட்டு நாள் இருந்தது. வீடுதான் இடைஞ்சல்.

நான் குடியிருந்தது வடிவக்கா வீட்டில். அவருடைய கணவரை ஊரே அண்ணாச்சி என்னும். திருச்சுழி கடைத்தெருவில் மிளகாய் வத்தல் வியாபாரம். நல்ல மனிதர்கள், சுத்த சைவம். வேதக்காரப் பிள்ளைக்கு வீடு கொடுப்பதா என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "தனியா வந்து கெடக்குற பொம்பளப் பிள்ளைய எங்க போகச் சொல்ற?" என்று வடிவக்காதான் வாயடைத்தார். எனக்கு அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை.

"ஏம்மா ஞானம், கவுச்சி மட்டும் உள்ள வரக் கூடாது. மத்தபடி ஒன் வீடு மாதிரி இருந்துக்க."

எனக்குக் கொடுத்த அறை முற்றத்தைத் தாண்டிப் பின்பக்கம் இருந்தது. முன்பு வத்தல் அடைத்துவைக்கும் இடம். நான் குடிவந்த பிறகும் கடையில் இடம் போதாத எட்டு மூட்டைகள் அங்கேதான் இருந்தன. அவற்றில் ஒரு மூட்டை அடியில் கிழிந்து, வத்தல் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் சிந்திக்கொண்டே இருக்கும். முதல் வாரம் முழுக்கத் தும்மினேன். பிறகு மூக்கே மரத்துப்போனது. இந்த நெடிக்குள் முட்டை வாசம் வெளியே தெரியவே தெரியாது என்று எனக்குத் தோன்றியது. (படித்த பெண் அல்லவா, யோசித்துத்தான் எதையும் செய்வேன்.)

முட்டைக்கு வீரசோழன் என்ற ஊருக்குப் போனேன். அங்கே ஜைத்தூன் என்று ஒரு பெண், என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும், எங்கள் ஆபீசில் வாங்கிய கோழிகளை ஊரே மெச்சும்படி வளர்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"பத்து விதமா? இதுல என்ன இருக்கு சேவிகாம்மா? ஆணத்துல, அதான் ஒங்க கொழம்புல, ஒடச்சு ஊத்துறது ஒண்ணு. முருங்கக்கீரைல போட்டுப் பெரட்டுறது ஒண்ணு. அவிச்சு, கீறி, மசாலா தடவி..."

"தெரியும் தெரியும்" என்றேன்.

"மசாலாவ மொதல்ல எண்ணெயில..."

"தெரியும் ஜைத்தூன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஒரு பெண் தன் அடுப்பங்கரையில் நின்று இலவசமாகப் பாடம் சொல்ல, முட்டைக்காகவே பஸ் ஏறிப் போனவள் அதைக் கேட்காமல் ஓடிவந்தேன். இன்று நினைத்தாலும் அந்த இருபத்தொரு வயதுக்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருக்கிறது.

ஒரு டஜன் முட்டையைப் பால்பவுடர் டப்பாவில் தவிடு பரப்பி அடுக்கிக் கொடுத்தாள். நரிக்குடியில் பஸ்ஸுக்குள் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏறினார். குட்டிக்கு என் டப்பா மேல் கண். கண்டக்டர், "டப்பால என்னம்மா?" என்றார். "தவிடு" என்றேன். வாங்கி வந்தது பத்திரமாக வீடு சேர்ந்தது. அந்த வாரத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டவ்வை மூட்டினேன். காற்றடிக்கிற மண்ணெண்ணெய் ஸ்டவ். முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டினேன். உடையவில்லை. இன்னும் கொஞ்சம் தட்டினேன். உடையவில்லை. கோபம் வந்து ஓங்கித் தட்டினேன். என் கையில் ஓடு இருந்தது. முட்டை ஸ்டவ்வின் காலில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டாவது முட்டை சட்டிக்குள் விழுந்தது, ஓட்டோடு. ஓட்டைப் பொறுக்கி முடிப்பதற்குள் அடியில் பிடித்துவிட்டது. சுரண்டி எடுத்தேன். ஆம்லெட் என்று நான் சொன்னால்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

"என்னக்கா, என்னமோ வாசம் வருது?"

ஜன்னலில் சிவகாமி நின்றிருந்தாள். வடிவக்காவின் ஒரே மகள். பத்தொன்பது வயது. நான் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"வத்தல் வாசம்."

"வத்தலுக்குள்ளதான் நான் பொறந்து வளந்தேன். இது வத்தல் இல்ல."

மறைக்க வழியில்லாமல் காட்டினேன். உள்ளே வந்து, கதவைத் திரும்பச் சாத்திவிட்டு, தட்டின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். விரலால் ஒரு துண்டைத் தொட்டாள். மோந்து பார்த்தாள். வாயில் போட்டாள். நான் எழுந்து கதவுப்பக்கம் பார்த்தேன், பூமி பிளக்கவில்லை.

"உப்பு கம்மிக்கா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துவிடுவாள். நான் சமைப்பேன், அவள் குறை சொல்வாள். ஒரு சைவக் குடும்பத்துப் பிள்ளையைக் கெடுக்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. அதே சமயம், நான் சமைத்ததைச் சாப்பிட இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை. ஓடுகளைக் காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் போட்டு வெளியே கொண்டுபோய் எறிந்தேன். (ஒருமுறை ஆபீஸ் வருகைப் பதிவேட்டின் மேலேயே கொட்டினேன். கோழி கணக்கெடுப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.)

சனிக்கிழமைக்குள் நாலு விதம் கைவந்துவிட்டது: ஆம்லெட், கிழிந்த ஆம்லெட், கரிந்த ஆம்லெட், கரண்டியால் சுரண்டிய ஆம்லெட். கையில் இன்னும் ஆறு முட்டை இருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வடிவக்கா என் அறை வாசலுக்கு வந்தார். முகத்தில் சந்தோஷமும் பயமும் சரிபாதி.

"ஞானம், நாளைக்குச் சிவகாமியப் பொண்ணு பாக்க வாராக. அருப்புக்கோட்டைக்காரவுக. மாப்பிள்ளைக்கு மதுரையில மில்லுல ஆபீஸ் வேலை. நம்மளவிடச் சுத்தமான சைவமாம். வெள்ளைப்பூண்டு கூடச் சேக்க மாட்டாகளாம். பதினோரு மணிக்கு வாராக. பிள்ளைக்குத் தலை பின்னி விட நீதான் வரணும். எனக்குக் கை ஓடாது."

கட்டாயம் வருகிறேன் என்றேன். மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஜாதகக் கட்டு அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். இரண்டு இடம் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே போயிருந்தார்கள்.

பதினோரு மணிக்குத்தானே என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக்கூடப் போகாமல் ஒன்பதரைக்கு ஆறு முட்டையையும் ஒரு அலுமினியப் பாத்திரத்தில் போட்டு ஸ்டவ்வில் வைத்தேன். அவித்து, கீறி, மசாலா தடவுவது என்று திட்டம். தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது? குடத்தில் இருந்தது இரண்டு டம்ளர். அதை ஊற்றினேன். முட்டை பாதி முங்கியது. மீதிப் பாதி ஆவியில் வெந்துகொள்ளும் என்று விட்டேன்.

அந்தப் பாதையில் எப்போதும் தாமதமாக வருகிற பஸ் அன்று பார்த்துச் சீக்கிரம் வந்தது.

"ஞானம்! ஞானம்! வந்துட்டாக!" வடிவக்காவின் குரலில் வீடே அதிர்ந்தது. நான் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். சிவகாமிக்குத் தலை பின்னி, மல்லிகை வைத்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, கேசரியைத் தட்டில் போட்டு, பஜ்ஜி எண்ணெயை வடித்து... ஸ்டவ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோனது.

வந்தது மூன்று பேர். மாப்பிள்ளை சங்கரலிங்கம், அவருடைய அம்மா, தாய்மாமா. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். தாய்மாமா கேசரியைப் பார்த்தபடி இருந்தார். பேச்செல்லாம் அம்மாதான். வீட்டைச் சுற்றிக் கண்ணோட்டம் விட்டு, சிவகாமியை ஒருதரம் நடக்கச் சொல்லிவிட்டு, வடிவக்காவிடம் விசாரணையை ஆரம்பித்தார்.

"எங்க வீட்டுல கவுச்சி வாசமே ஆகாது பாத்துக்கோங்க. அந்தப் பழக்கம் உள்ள வீட்டுல நாங்க தண்ணி கூடக் குடிக்கிறதில்ல."

வடிவக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க மட்டும் என்னங்க? நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தஞ்சு வருசமாச்சு. இந்த வீட்டுப் படியத் தாண்டி ஒரு முட்டை ஓடு உள்ள வந்தது கெடையாது."

சிவகாமி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் பஜ்ஜித் தட்டைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஸ்டவ் ஞாபகம் வந்தது. எழுந்திருப்பதற்குள் பின்பக்கத்திலிருந்து, டமார்!

தீபாவளி வெடி மாதிரி சத்தம். தாய்மாமா கேசரித் தட்டோடு தெருவுக்கு ஓடினார். (தட்டை விடவில்லை.) அண்ணாச்சி, "ஸ்டவ்வு! ஸ்டவ்வு வெடிச்சிருச்சு!" என்று கத்தினார். ஸ்டவ் வெடித்துப் பெண்கள் செத்துப்போகிற செய்தி அடிக்கடி காதில் விழும் காலம் அது. அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ஒரே தாவலில் முற்றத்தைக் கடந்து என் அறைக்கு ஓடினார். "வேண்டாங்க! உள்ள போகாதீங்க!" என்று நான் பின்னால் ஓடினேன். அவர் வாசலில் காலை வைத்ததும் இரண்டாவது முட்டை வெடித்தது.

அது நேராக அவர் நெஞ்சில் வந்து விழுந்தது. வெள்ளைச் சட்டையில் மஞ்சள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. பாய்ந்து ஸ்டவ்வை அணைத்தார். அணைத்த வேகத்தில் கை பட்டு, பழுக்கக் காய்ந்த பாத்திரம் தரையில் உருண்டு, கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திக்கிடந்த வத்தல் மேல் போய் உட்கார்ந்தது.

வத்தல் தீய்கிற நெடியை அனுபவித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்கு விவரித்துப் புரியவைக்க முடியாது. அவர் இருமிக்கொண்டே முற்றத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். அதற்குள் வீடு முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, வடிவக்கா, அண்ணாச்சி, சிவகாமி, நான், எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்து, வாயில் முந்தானையையும் துண்டையும் வைத்துக்கொண்டு தாரைதாரையாகக் கண்ணீர் விட்டோம். தெருவில் இத்தனை பேர் நின்று அழுவதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மா, வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று எண்ணி, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டார். அவரை நிறுத்தவே கொஞ்ச நேரம் ஆனது.

நெடி அடங்கி எல்லோரும் முற்றத்துக்குத் திரும்பினோம். அண்ணாச்சிதான் முதலில் கேட்டார்.

"என்னம்மா வெடிச்சுது?"

"முட்டை அண்ணாச்சி."

"மூட்டையா? வத்தல் மூட்டை எப்பிடிம்மா வெடிக்கும்? நான் முப்பது வருசமா யாவாரம் பண்றேன்."

"மூட்டை இல்ல அண்ணாச்சி. முட்டை."

"அதான் எந்த மூட்டைங்கிறேன்?"

"கோழி முட்டை" என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

வடிவக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா மகனின் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வடிவக்காவைப் பார்த்தார்.

"படியத் தாண்டி வந்ததில்லைன்னீகளே" என்றார் மெதுவாக. பிறகு பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சங்கரு, கெளம்புடா."

வடிவக்காவின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று சொன்னவர்கள் முகமெல்லாம் அப்போது அவர் கண்ணில் வந்துபோயிருக்க வேண்டும். சிவகாமி வாயைத் திறந்து, "அது வந்து, நானும்..." என்று ஆரம்பித்தாள். அவள் உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. அந்த வாரத்தில் முதல் முறையாக என் மூளை வேலை செய்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் நில்லுங்க. இந்த வீட்டுக்கும் முட்டைக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. நான் குடியிருக்க வந்தவ. வேதக்காரப் பிள்ள. கவுச்சி கூடாதுன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாக. நான்தான் அவுகளுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுச் சமைச்சேன். குத்தம் பூராவும் என்னுது."

"ஒளிச்சு வச்சுத் திங்கிற அளவுக்கு அப்பிடி என்னம்மா ருசி?"

"திங்கிறதுக்கு இல்லம்மா. ஆபீசுல பத்து விதமா முட்டை சமைக்கத் தெரியும்னு சொல்லிட்டேன். புதன்கிழமை செஞ்சு காட்டணும். எனக்கு ஒரு விதம் கூடத் தெரியாது. பழகிப் பாத்தேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. வத்தல் நெடி என்று சொல்லிக்கொள்ள அப்போது வசதியாக இருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை, அன்று வந்ததிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார். குரலில் உண்மையான அக்கறை.

"அதான் பாத்தேன். முட்டை முங்குற அளவுக்குத் தண்ணி ஊத்தணுங்க. கொதி வந்து பத்து நிமிசம் போதும். ஒரு கல்லு உப்புப் போட்டா ஓடு விரியாது. எறக்குன ஒடனே பச்சத் தண்ணியில போட்டீங்கன்னா தோல் அப்பிடியே கழண்டு வரும்."

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

"மில்லு மெஸ்ஸுல... பாத்துருக்கேன்."

"பாத்துருக்கியா, தின்னுருக்கியா?"

மாப்பிள்ளை மறுபடி தரையைப் பார்த்தார். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சிவகாமி. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்த்தது அப்போதுதான்.

அவருடைய அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தாய்மாமா காலித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

வடிவக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார். "சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணிரு."

பண்ணினேன். டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு அறையை விட்டு வரும்போது, அண்ணாச்சி பத்தடி தள்ளி நின்று, "ஏம்மா, ரெண்டுதான வெடிச்சது? மிச்சம் நாலும் வெடிக்குமா?" என்று கேட்டார். இல்லை, ஆறிவிட்டது என்றேன். அப்படியும் அவர் கிட்டே வரவில்லை. அந்த நாலு முட்டையையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு சேவிகா வீட்டில் போய்த் தங்கினேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போவதைப் பற்றி எனக்குக் கவலை வரவே இல்லை. மூன்றாவது இடமும் என்னால் போயிற்றே என்பதுதான் நெஞ்சில் நின்றது.

புதன்கிழமை ஆபீசரம்மா வந்தார். ஜைத்தூன் முதற்கொண்டு நாற்பது பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பு, சட்டி, கூடை நிறைய முட்டை. நான் எழுந்து, எனக்குச் சமைக்கத் தெரியாது, தெரியும் என்று சொன்னது பொய் என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வாக்கியம் எனக்குச் சிரமமாக இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜைத்தூன் எழுந்து சேலையைச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க சேவிகாம்மா" என்றாள். குழம்பில் உடைத்து ஊற்றினாள். அதைப் பார்த்து இன்னொருத்தி முருங்கைக்கீரையோடு புரட்டினாள். ஒரு வயசான அம்மா வெங்காயமும் மிளகும் போட்டுப் பணியாரச் சட்டியில் ஊற்றினார். ஒருத்தி செய்வது தப்பு என்று இன்னொருத்தி எழுந்தாள். சண்டையும் சமையலுமாக மத்தியானம்வரை நடந்தது. எத்தனை விதம் என்று ஆபீசரம்மா எண்ணினார். நான் எண்ணவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டினார், தனியாகக் கூப்பிட்டு. ஆனால் அறிக்கையில், பெண்களையே முன்வந்து செய்யவைத்தார் என்று எழுதினார். வேலை தங்கியது.

ஒரு மாதம் கழித்து அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"சம்மதிச்சுட்டாகம்மா. அந்தப் பொண்ணுதான் வேணும்னு மாப்பிள்ள ஒத்தக் கால்ல நின்னுட்டாராம்."

"அவுக அம்மா எப்பிடி ஒத்துக்கிட்டாக?"

அண்ணாச்சி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மகன் முட்டை திங்கிறது நம்ம வீட்டுக்குத் தெரிஞ்சு போச்சுல்ல. வெளிய வேற எடத்துல பொண்ணு எடுத்தா நாம ஊரெல்லாம் சொல்லிருவமாம். சம்பந்தம் பண்ணிக்கிட்டா வாய மூடிக்கிருவமாம்."

கல்யாணத்தில் வடிவக்கா என்னோடு பேசவில்லை. பந்தியில் மட்டும், பரிமாறுகிறவரை நிறுத்தி, என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார். சமையல் பந்தல் பக்கம் நான் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் போட்டிருந்தார்.

மாப்பிள்ளை சொந்த ஊருக்கே வேலையை மாற்றிக்கொண்டு வர, சிவகாமி அருப்புக்கோட்டையில் குடித்தனம் வைத்தாள். பிறகு என் வேலையும் அங்கேயே மாற, போக்குவரத்து விட்டுப்போகவில்லை. அவள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தூங்கவைக்கச் சொல்லியிருக்கிறாள், சாப்பிடவைக்கச் சொல்லியிருக்கிறாள், ஊரிலிருந்து யார் வந்தாலும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். சொல்லச் சொல்ல முட்டையின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போய், கடைசியாக நான் கேட்டபோது அறுபதில் நின்றது. மாப்பிள்ளையின் சட்டை தீப்பிடித்து எரிந்ததாகவும் ஒரு கிளைக்கதை சேர்ந்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் வெடிப் பெரியம்மா. என்னைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு என்னைத்தான் முதலில் தேடுவார்கள்.

இதெல்லாம் நாலு சுவருக்குள் இருந்தவரை எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பதினைந்து வருஷம் கழித்து நானும் ஒரு ஆபீசரம்மா ஆகியிருந்தேன். மூக்குக்கண்ணாடி, நாற்காலிக்குப் பின்னால் துண்டு, நான் நிமிர்ந்தால் பேச்சை நிறுத்துகிற குமாஸ்தாக்கள், எல்லாம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் சிவகாமி புதுவீடு கட்டினாள். பால் காய்ச்சும் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதும் வேலையை எட்டாவது படிக்கிற மகளிடம் கொடுத்திருந்தாள். அவளுக்கு எங்கள் ஆபீஸ் விலாசம் சரியாகத் தெரியும். பெயர்தான், அவள் பிறந்ததிலிருந்து வேறு எதையும் கேட்டதில்லை.

மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் பேசிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்று, கையிலிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"திருமதி வெடிப் பெரியம்மா அவர்கள்னு ஒரு தபால் வந்துருக்கு. இங்க யாரு சார் அது?"

முப்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, எழுந்துபோய் வாங்கிக்கொண்டேன்.